பழங்குடி, பூர்வகுடி, ஆதிவாசி: எங்கே எதை எழுதலாம்?

செய்தி எழுதுபவர், மனு எழுதிக் கொடுப்பவர், மொழிபெயர்ப்பவர் என எல்லோருக்கும் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றுபோலத் தெரியும். ஒரே பத்தியில் ‘பழங்குடி’ இரண்டு முறை வந்துவிட்டால், மூன்றாவது இடத்தில் ‘ஆதிவாசி’ போட்டு, அடுத்த வரியில் ‘மலைவாழ் மக்கள்’ ஆக்கிவிடுவார்கள். தமிழ்நாட்டைப் பற்றி எழுதும்போது என் ஓட்டு ‘பழங்குடி’க்குத்தான். அரசுக் காகிதத்தில் செல்லுபடியாகிற சொல் அது.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவை. ‘காட்டுவாசி’ வசைச்சொல், பேச்சே இல்லை. ‘வனவாசி’ அரசியல் நிறம் ஏறிய சொல். 1952இல் இன்றைய சத்தீஸ்கரின் ஜஷ்பூரில் தொடங்கிய, ஆர்.எஸ்.எஸ். சார்பு அமைப்பான வனவாசி கல்யாண் ஆசிரமத்தின் வழியாகப் பரவியது. மண்ணுக்கு முதலில் உரியவர்கள் என்ற பொருளை விட்டுவிட்டு, காட்டில் வசிப்பவர் என்பதை மட்டும் அது சொல்கிறது என்பதே எதிர்ப்பாளர்களின் குறை. ‘மலைவாழ் மக்கள்’ கேட்க மரியாதையாக இருக்கும், ஆனால் பாதி இடங்களில் பொய்யாகிவிடும். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர்கள் சமவெளியில், ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வாழ்பவர்கள். அவர்களுக்காகப் போராடும் அமைப்பு தன் பெயரை ‘பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம்’ என்றே வைத்துக்கொண்டிருக்கிறது.

‘ஆதிவாசி’யை அவ்வளவு லேசாக ஒதுக்க முடியாது. 1938இல் இன்றைய ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூரில் ஆதிவாசி மகாசபை உருவானதிலிருந்து அது உரிமைக் குரலின் சொல். அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா அந்தச் சொல்லுக்காகவே வாதாடினார். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பணியர்களும் காட்டுநாயக்கர்களும் சங்கம் வைத்துத் தங்களை ஆதிவாசி என்றே அழைத்துக்கொள்கிறார்கள். இலங்கைத் தமிழிலும் தம்பானை வேடர்களைப் பற்றி எழுதும்போது அது சாதாரணச் சொல். தமிழ்நாட்டின் சமவெளியில் மட்டும் “ஆதிவாசி மாதிரி நிக்கிறான்” என்று கேலிக்கு எடுத்து அழுக்காக்கிவிட்டார்கள். எனவே அந்த மக்களே பயன்படுத்தும் இடத்தில் அப்படியே எழுதுங்கள்; நீங்களாகக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

இனி ‘பழங்குடி’. பழைய தமிழில் இது தாழ்வுச் சொல்லே அல்ல. “பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று” என்கிறது குறள் (955). அங்கே அது வழிவழியாக வந்த நல்ல குடும்பம். சிலம்பில் புகாரின் பெருமையே “பதியெழு வறியாப் பழங்குடி”, அதாவது ஊரைவிட்டுப் பெயர்ந்தறியாத குடிகள். ஆக, நிலத்தோடு ஒட்டியிருப்பது என்ற பொருள் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. யார் முதலில் வந்தார்கள் என்று நிரூபிக்கும் பாரமும் இதற்கு இல்லை.

ஆனால் முடிவு செய்யும் விஷயம் பட்டியல். அரசியலமைப்பின் 342ஆவது பிரிவின்படி, 1950ஆம் ஆண்டு ஆணையின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஒரு சமூகம் சட்டப்படி பழங்குடி. பழங்குடிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் தனிநபர் நிலத்துக்கான ‘அ’ படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: பட்டியல் பழங்குடியா, பிற பாரம்பரிய வனவாழ்வோரா? முதலாவதற்குச் சான்றிதழ் நகலும் 13.12.2005க்கு முன்பிருந்தே அந்த நிலம் கைவசம் இருந்ததற்கான ஆதாரமும் போதும். இரண்டாவதில் விழுந்தால், அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனுவில் ‘காலங்காலமாக வாழும் பாரம்பரிய வனமக்கள்’ என்று அழகாக எழுதப்போய், சான்றிதழ் கையிலிருப்பவரை இரண்டாவது கட்டத்தில் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. கிராம சபைத் தீர்மானத்திலும் படிவத்திலும் ‘பட்டியல் பழங்குடி’ என்றே இருக்கட்டும்.

இதே பட்டியல்தான் இந்தச் சொல்லின் பலவீனமும். தமிழ்நாட்டுப் பட்டியலில் ‘மலையாளி’ (கேரளத்தவர் அல்ல, இங்குள்ள மலைச் சமூகம்) என்ற பதிவு தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று பழைய மாவட்டங்களோடு கட்டப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த ஈரோடு அதில் இல்லை. அதனால் ஈரோட்டின் பர்கூர் மலையின் மலையாளிகளுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதே மலையின் சோளகருக்கு உண்டு. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரும் பட்டியலில் இருக்க, படுகர் தங்களையும் சேர்க்கச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘பழங்குடியான படுகர்’ என்று போகிறபோக்கில் எழுதினால் நீங்களே தீர்ப்பெழுதியதாகிவிடும். இந்த மாதிரி இடத்தில் ‘பழங்குடித் தகுதி கோரும்’ என்று சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்குப் போனால் நான் கட்சி மாறிவிடுவேன். அங்கே ‘பூர்வகுடி’தான் பொருந்தும்: குடியேறிகள் வருவதற்கு முன்பே இருந்தவர்கள் என்பதே அங்கு வழக்கின் மையம். கனடாவின் 1982 அரசியலமைப்புச் சட்டம் 35ஆவது பிரிவில் மூன்று பிரிவினரைச் சொல்கிறது. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் அவர்களில் ஒன்று மட்டும். இனுயிட், மெட்டி மக்கள் தனி. மூவருக்கும் பொதுப்பெயராகப் ‘பூர்வகுடிகள்’ வரலாம், ஃபர்ஸ்ட் நேஷன்ஸுக்கு மட்டும் அதைப் போட்டால் மற்ற இருவரும் காணாமல் போவார்கள். மலேசியாவில் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ‘ஒராங் அஸ்லி’யை ‘மண்ணின் மைந்தர்’ ஆக்காதீர்கள். அது ‘பூமிபுத்ரா’ என்ற அரசு வகைப்பாட்டுக்குப் போய்விடும், அதில் மலாய்க்காரரும் அடக்கம். மற்றபடி மலேசிய வழக்கில் அங்குள்ள தமிழர் சொல்வதே இறுதி.

இந்தியாவுக்குப் ‘பூர்வகுடி’ போடுவதில் ஒரு சிக்கல். பூர்வகுடி உரிமைகள் பற்றிய 2007 ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது, ஆனால் இந்தியர் அனைவருமே பூர்வகுடிகள் என்பது அரசின் நிலைப்பாடு. கோரிக்கை மனுவில் அந்தச் சொல்லைப் பிடித்தால் இந்தப் பதில்தான் திரும்பி வரும். கட்டுரையில் தாராளமாக வாதிடலாம்.

‘தொல்குடி’ நல்ல தமிழ். அரசுத் திட்டப் பெயராகவும் வந்துவிட்டது. தலைப்புக்கு எடுக்கலாம், படிவத்துக்கு ஆகாது.

எந்தப் பொதுச்சொல்லைவிடவும் அந்தச் சமூகத்தின் பெயரே மேல். கட்டுரையில் ‘காட்டுநாயக்கர்’ என்று மரியாதையாக எழுதுங்கள். விண்ணப்பத்தில் மட்டும் பட்டியலில் உள்ளபடி ‘காட்டுநாயக்கன்’. குறும்பர், குருமன்ஸ் இரண்டும் பட்டியலில் தனித்தனிப் பதிவுகள், முதலாவது நீலகிரிக்கு மட்டும். இங்கே ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு திரும்பி வரும்.