தனியாக இருக்கும் வீட்டில் ஆறு வருடம்: எது உழைத்தது, எது அலமாரிக்குப் போனது

விழுந்த பிறகுதான் எல்லாவற்றையும் வாங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போது எனக்கு 66 வயது. நடு இரவில் கழிப்பறைக்குப் போகச் சட்டென்று எழுந்தேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தலை கிறுகிறுத்தது. அடுத்து நினைவிருப்பது தரையின் குளிர்ச்சிதான். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் எழுந்து நிற்க நாற்பது நிமிடம் ஆனது. பட்ட அடி மறந்துவிட்டது, அந்த நாற்பது நிமிடம் மறக்கவில்லை.

மறுவாரமே மகள் ஒரு பட்டியலோடு வந்தாள். குளியலறைக்குக் கைப்பிடி, இரவு விளக்கு, கைத்தடி, கழுத்தில் மாட்டும் எமர்ஜென்சி பட்டன், ஏழு நாள் மாத்திரைப் பெட்டி. "இதெல்லாம் வேண்டாம்னா என்கூட வந்து இரும்மா" என்றாள். அந்தக் கடைசி வரிக்குப் பயந்தே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இப்போது 72. அதே வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன்.

முதல் மதிப்பெண் கைப்பிடிக்கு. அதுவும் இரண்டாவது கைப்பிடிக்கு. முதலில் வாங்கியது, சுவரில் துளை போடாமல் ரப்பர் கப்பை அழுத்தி ஒட்டும் வகை. டைல்ஸ் கெடாதே என்று ஆசைப்பட்டேன். மூன்று மாதம் சமர்த்தாக இருந்தது. நாலாம் மாதம் ஒருநாள் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, அப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டைல்ஸ் இடுக்கில் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், அந்தப் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்திருப்பது வெளியே தெரியவும் தெரியாது. துண்டு போடும் கம்பியும் இதே கதைதான். துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது.

அப்புறம் சுவரில் துளை போட்டு, ஆங்கர் போல்ட் இறக்கி, ஸ்டீல் கம்பி பொருத்தினோம். கழிப்பறையில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் என்றும், 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைக் கம்பி தாங்க வேண்டும் என்றும் சொல்கின்றன. உறுதிக்கு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டேன், உயரத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நான் குள்ளம். எழும்போது என் கை தானாக எங்கே போகிறது என்று பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்து, அங்கே பென்சிலால் குறி போட்டேன். பொருத்த வந்தவருக்கு அது பிடிக்கவில்லை. "நேரா இருந்தாதாம்மா அழகு" என்றார். ஒரு கம்பி சாய்வாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இதுவரை ஒரு திருகுகூட ஆடவில்லை.

இரவு விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் சிறிய விளக்குகள். கணுக்கால் உயரத்தில் வைத்தால் கண் கூசாது. பேட்டரியில் ஓடுவது சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிறது, பிளக்கில் செருகுவதையே வாங்குங்கள்.

எமர்ஜென்சி பட்டனுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம், ஆனால் பொருளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அழுத்தினால் மகளுக்கு அழைப்பு போகும், பேசவும் முடியும். முதல் ஆறு மாதம் ஒழுங்காக மாட்டினேன். பிறகு கழுத்தில் அரித்தது. குனிந்தால் முன்னால் ஊசலாடி எதிலாவது இடித்தது, இரண்டு தடவை அதுவாகவே அழுந்தி மகள் பதறியடித்து ஓடிவந்தாள். அதனால் தூங்கும்போது கழற்றினேன், குளிக்கும்போது கழற்றினேன். யோசித்துப் பாருங்கள், நான் விழ வாய்ப்பு அதிகமுள்ள நேரம் அந்த இரண்டும்தான்.

மூன்றாம் வருடம் சமையலறை ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தேன். பட்டன் பக்கத்து அறையில் சார்ஜில் இருந்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த ஒரு சின்ன வித்தை. விழுந்தவுடன் எழ முயற்சிக்கக் கூடாது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, கை கால் அசைத்து, எங்காவது சுரீரென்று வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி வலித்தால் அசையாமல் இருந்து கூப்பிடுவதுதான் சரி. இல்லையென்றால் ஒருக்களித்துப் புரண்டு, முட்டியும் கையும் ஊன்றி, உறுதியான நாற்காலிவரை தவழ வேண்டும். இரண்டு கையையும் அதன் இருக்கையில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, உந்தித் திரும்பி அதிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். எனக்கு ஆறு நிமிடம் ஆனது. முன்பு நாற்பது. விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் நீர் வற்றுவது, தசை நசுங்கிக் கெடுவது, படுக்கைப்புண் என்று விழுந்த அடியைவிடப் பெரிய தொல்லைகள் வரலாம் என்பதால் இந்த வித்தையை எல்லோரும் ஒருமுறை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, செய்து பார்த்துவிட வேண்டும்.

இப்போது பட்டனுக்குப் பதில், விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறேன். பரவாயில்லை. மேஜையில் ஓங்கித் தட்டினால் விழுந்துவிட்டாயா என்று கேட்கிறது. சுவரோடு சரிந்து மெல்ல உட்கார்ந்தால் கண்டுகொள்வதில்லை. சார்ஜ் போடுவதை இரவிலிருந்து மாலைக்கு மாற்றிவிட்டேன். அந்த ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு. இந்த அனுபவத்துக்குப் பிறகு எதை வாங்கினாலும், என் உடம்பு முடியாத நாளில் இது என்னிடம் என்ன கேட்கும் என்றுதான் பார்க்கிறேன். சுவரில் இருக்கும் கம்பி எதையும் கேட்பதில்லை.

கைத்தடியை எட்டு மாதம் தவறான கையில் பிடித்திருந்தேன். வலது முட்டி வலிக்கிறது, அதனால் வலது கையில் என்பது என் கணக்கு. வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டுமாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும், என்னுடையது மூன்று அங்குலம் அதிகம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அடியில் இருக்கும் ரப்பர் செருப்பு மாதிரி தேயும். வழவழவென்று ஆனபின்னும் அதையே ஊன்றி நடந்தால் தடி துணையாக இருக்காது, தள்ளிவிடும். நான் இதுவரை நாலு ரப்பர் மாற்றியிருக்கிறேன்.

மாத்திரைப் பெட்டி நல்லதுதான், சாப்பிட்டேனா இல்லையா என்ற குழப்பம் போய்விட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பலன், பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஒருநாள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டியதில் கிடைத்தது. அவர் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நிற்கவைத்து ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்தார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம். எனக்கு மேல் அளவே 24 குறைந்தது. முதல் தடவை விழுந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. அழுத்த மாத்திரையை மாற்றினார், தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அதை நாமாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இப்போதும் எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் காலை ஆட்டிவிட்டுத்தான் நிற்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, பட்டியலிலேயே இல்லாத ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். கை இல்லாத சாதாரண நாற்காலி. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் வயதானவர்கள் விழாமல் இருக்க ஒரு பயிற்சித் திட்டம் உருவாக்கினார்கள். வாரம் மூன்று நாள், சுமார் அரை மணி நேரம், கணுக்காலில் எடை கட்டிக் கால் நீட்டுவது, குதிகால் தூக்குவது, ஒற்றைக் கோட்டில் நடப்பது, உட்கார்ந்து எழுவது என்று போகும். தங்கள் ஆய்வுகளில் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். பிசியோதெரபிஸ்ட் அதிலிருந்து எனக்கு ஏற்றதை எடுத்துக்கொடுத்தார். சலிப்பான வேலைதான், மறைக்க மாட்டேன். வாரம் ஒருமுறை தேர்வும் உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார்கிறோம் என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் கீழே, 70 முதல் 74 வரை 10க்குக் கீழே போனால் கால் பலம் போதவில்லை என்று அர்த்தம். கையை ஊன்றி எழுந்தால் மதிப்பெண் பூஜ்யம்.

முதல் நாள் எனக்கு 7. ஒரு வருடத்தில் 13 வந்தது. போன வருடம் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்தேன், 8க்கு இறங்கிவிட்டது. ஒரு வருடம் ஏறியது பதினாலு நாளில் கரையும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தக் காய்ச்சலிலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாவது காலை நீட்டியிருப்பேன். திரும்பி வர மூன்று மாதம் பிடித்தது.

மகள் இப்போதெல்லாம் போனில் "நல்லா இருக்கியா" என்று கேட்பதில்லை, "எத்தனை?" என்கிறாள். நேற்று 12 என்றேன். "கை ஊன்றினியா?" என்றாள். கடைசித் தடவை மட்டும் லேசாக என்றேன்.

"அப்போ பூஜ்யம்மா" என்று வைத்துவிட்டாள்.