அப்ரென்டிஸா, கார்பன் கப்பா? உங்கள் தரையைப் பார்த்து முடிவெடுங்கள்

முதல் ஆர்சி (ரிமோட்டில் பறக்கவிடும்) விமானம் வாங்குபவர்கள் அடிக்கடி குழம்புவது ஹாபிஸோன் நிறுவனத்தின் அப்ரென்டிஸ், கார்பன் கப் என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அப்ரென்டிஸ் எஸ்டிஎஸ் 1.5 மீட்டர் இறக்கை, மூக்கில் சக்கரம் கொண்ட ட்ரைசைக்கிள் கியர். கார்பன் கப் எஸ் 2 என்பது 1.3 மீட்டர் இறக்கை, வாலில் குட்டிச் சக்கரம் கொண்ட டெயில் டிராகர். இரண்டும் ஃபோம் உடல், மேல் இறக்கை, 3 செல் லிப்போ பேட்டரி, தானாகச் சமநிலைக்கு வரும் சேஃப் வசதி. மேலே போய்விட்டால் புதியவருக்கு இரண்டுமே சாதுதான். சிக்கல் தரையில்தான்.

அப்ரென்டிஸில் எடை மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. ஓட்டத்தில் கொஞ்சம் விலகினாலும் அந்த எடையே மூக்கை நேராக்கிவிடும். கப்பில் அது சக்கரங்களுக்குப் பின்னால். மூக்கு திரும்ப ஆரம்பித்தால் பின்னாலுள்ள எடை அந்தத் திருப்பத்தை வளர்த்துக்கொண்டே போகும். விமானம் சுழன்று, வெளிப்பக்க இறக்கை நுனி தரையில் உரசும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். கிளம்பும்போது மோட்டாரின் முறுக்கு வேறு இடப்பக்கம் இழுக்கும்.

கப்பைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். ரிமோட்டில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஸ்டிக்கை முழுக்க இழுத்துப் பிடித்தால்தான் வால் சக்கரம் தரையில் அழுந்தி ஸ்டீயரிங் வேலை செய்யும். த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) மூன்று நான்கு விநாடிகளில் ஏற்றுங்கள். வேகம் வர வர ஸ்டிக்கைத் தளர்த்துங்கள், வால் எழும். வலது ரட்டரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) சின்னச் சின்னத் தட்டாகக் கொடுங்கள், பிடித்தே வைத்திருந்தால் மறுபக்கம் ஓடும். ஒரேயடியாக ஃபுல் த்ராட்டில் கொடுத்தால் குப்புறக் கவிழ்ந்து ப்ரொப்பெல்லர் உடையும். சேஃப் ஆன் ஆக இருந்தால், மூக்கு தூக்கி நிற்பதை ஏறுமுகமாக எடுத்துக்கொண்டு அதன் சாய்வு உணரியான கைரோ எலிவேட்டரைக் கீழே தள்ளப் பார்க்கலாம். ஸ்டிக்கை இழுத்துப் பிடிக்க இன்னொரு காரணம் அது. இறங்கிய பிறகும் விமானம் முழுக்க நிற்கும்வரை விடாதீர்கள். கடைசி இரண்டடியில் கவிழ்வது ரொம்ப சகஜம்.

இவ்வளவு படித்ததும் அப்ரென்டிஸே போதும் என்று தோன்றும். தார், சிமென்ட், கெட்டி மண் தளம் என்றால் போதும்தான். புல்லில் கதை மாறும். சின்ன முன்சக்கரம் புல்லில் சிக்கி, அதன் கம்பி பின்னோக்கி வளையும். மூக்கு முதலில் படும் லேண்டிங்கிலும் அதேதான். கூடவே சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோவின் பல் தேயலாம். கம்பி வளைந்து மூக்கு தாழ்ந்தால் இறக்கைக்குக் கோணம் கிடைக்காது. எவ்வளவு ஓடினாலும் எழாது, எலிவேட்டரை மேலும் இழுத்தால் திடீரென்று துள்ளும். ஒவ்வொரு முறையும் பறக்கும் முன், ரட்டரை நடுவில் வைத்து விமானத்தைத் தரையில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் பாருங்கள். விலகினால் ஸ்டீயரிங் கையின் திருகைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக்கி முறுக்குங்கள். ஓவராகத் திரும்பினால் சர்வோவையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் ஸ்டீயரிங் கம்பியைச் சர்வோ கையின் உள் துளைக்கு மாற்றுங்கள்.

கப்பின் பெரிய டயர்கள் மேடுபள்ளத்தையும் கட்டையாக வெட்டிய புல்லையும் சுலபமாகத் தாண்டும். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் லேசாக உள்நோக்கி இருக்கட்டும், ஒரு டிகிரி போதும். மோசமான லேண்டிங்கில் அவை வெளிநோக்கி விரிந்தால் கிரவுண்ட் லூப் ஆபத்து கூடும். கையாலேயே வளைத்துச் சரிசெய்யலாம்.

தார் தளம் இருந்தால் அப்ரென்டிஸ், உதிரியாக ஒரு முன்சக்கரக் கம்பி. புல் மைதானம் என்றால் தயங்காமல் கப், உதிரியாக இரண்டு ப்ரொப்பெல்லர்.