வல்லெஹோ மேட் வார்னிஷ்: அழகர் செட்டுக்கு அடிச்சுப் பாத்தாச்சு

எங்க வீட்டு கொலுல ஒரு அழகர் செட்டு இருக்கு, விளாச்சேரில வாங்குனது. குதிரை மேல அழகர், சுத்தி தீவட்டிக்காரரு, தோல்பைல தண்ணி பீச்சுற ஆளுக, மொட்டை போட்ட சின்னப் புள்ளைக, அழகரைத் தவிர எல்லாம் கட்டைவிரல் உசரம் தான். பெயிண்ட் உதிர்ந்து மூக்கு முழி தெரியாமக் கெடந்துச்சு, சரின்னு நானே அக்ரிலிக் பெயிண்ட் வாங்கி திருப்பி அடிச்சேன். அடிச்சது கூட ஈஸி, அதுக்கு மேல என்னத்த பூசுறதுங்கறது தான் பெரிய ரோதனை.

அம்மா முன்னாடி ஒருக்கா கதவுக்கு அடிச்சு மிஞ்சுன வார்னிஷ ஆண்டாளுக்கு அடிச்சு விட்டாங்க. ரெண்டு வருசத்துல ஆண்டாள் முகம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிருச்சு, அது கூடப் பரவால்ல, பரண் சூட்டுல வார்னிஷ் இளகி சுத்தியிருந்த பேப்பரு ஒட்டிக்கிச்சு, உரிச்சுப் பாத்தா முதுகுல மணமகன் தேவை விளம்பரம், கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பி. இன்னும் அப்படியே தான் இருக்கு, அழிக்க மனசு வரல.

அதுனால இந்த தடவ மேட், அதாவது பளபளப்பு இல்லாத, வார்னிஷ் ஸ்ப்ரே டப்பா ஒண்ணு வாங்குனேன், எந்த கம்பெனின்னு சொல்லல, தப்பு என் மேல தான். ஆவணில ஒரு சாயங்காலம், மழை விட்ட கையோட மொட்டை மாடில வச்சு அடிச்சேன். பத்து நிமிசத்துல அழகரோட பச்சைப் பட்டு மேல பூசணம் பூத்த மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருச்சு. ஸ்ப்ரேல வார்னிஷ கரைச்சு வச்சிருக்க சால்வென்ட் ஆவியாகும்போது அந்த எடத்த சில்லுன்னு ஆக்கிருது, காத்துல இருக்க ஈரம் அதுல எறங்கி படலத்துக்குள்ள மாட்டிக்குது, அதான் வெள்ளை. ஸ்ப்ரேன்னா வெயில் நல்லா காயுற காலைல, டப்பாவ ரெண்டு நிமிசம் குலுக்கிட்டு, 20-30 சென்டிமீட்டர் தள்ளி நின்னு லேசா லேசா அடிக்கணும்.

அப்பறம் தான் வல்லெஹோ. ஸ்பெயின் கம்பெனி, ரொம்ப நாளு நான் வல்லெஜோன்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன். 60 மில்லி பாட்டில், ஆன்லைன்ல வாங்குனேன், தண்ணி பேஸ், நாத்தம் இல்ல, பிரஷ்ஷ தண்ணில கழுவிக்கலாம். மொதல்ல பளபளா வார்னிஷ் ஒரு கோட்டு, அதுலயே அழகர் மேல இருந்த வெள்ளை முக்கால்வாசி மறைஞ்சிருச்சு, மங்கல் கண்ணாடில தண்ணி பட்டா தெளியுமே அது மாதிரி. மடிப்புல நின்னத மட்டும் திருப்பிப் பச்சை அடிச்சேன். மறுநாள் அதுக்கு மேல மேட். காஞ்சதும் அந்த ஈரப் பளபளப்பு போயி பொம்மை முகம் நிஜ முகம் மாதிரி இருந்துச்சு, தீவட்டிக்காரரோட மீசையெல்லாம் இப்ப தான் கண்ணுக்கே தெரியுது.

மேட்டுங்கறதே வெளிச்சத்த செதறடிக்கிற பொடி கலந்தது தான், அது பாட்டில் அடில தங்கிரும். சரியா கலக்காம ஊத்துனா ஒரு பக்கம் மின்னும் ஒரு பக்கம் மங்கும். தாராளமா அப்புனா வேட்டி மடிப்புல எல்லாம் வெள்ளையாத் தேங்கும், நானே தண்ணிக்காரரு ஒருத்தர கெடுத்துட்டு தான் கத்துக்கிட்டேன். அப்பறம் தங்கக் கலருக்கு மேட் போடாதீங்க, சத்தியமா போடாதீங்க, குதிரை மஞ்சச் சுண்ணாம்பு மாதிரி ஆயிரும். குதிரைக்கு பளபளா கோட்டோட நிறுத்திட்டேன்.

பழைய மண் பொம்மை வச்சிருக்கவங்க கவனிங்க, பிசின்ல கொழைச்ச பொடிக் கலரா இருந்தா இந்த தண்ணி வார்னிஷ் பட்டதும் கலர் கரைஞ்சு பிரஷ்ஷோட வந்துரும். காது குடையுற பட்ஸ லேசா நனைச்சு பொம்மைக்கு அடில தடவிப் பாருங்க, பஞ்சுல கலர் ஏறுச்சுன்னா பிரஷ் வேணாம், அதுக்கு ஸ்ப்ரே தான் லாயக்கு.

மொத்த செட்டுக்கும் அடிச்சு பாட்டில்ல பாதிக்கு மேல மிச்சம் இருக்கு. ஒரு வாரம் நல்லா காய விட்டு, பேப்பருக்கு பதிலா அப்பாவோட பழைய பருத்தி வேட்டிய கிழிச்சு சுத்தி பரண்ல ஏத்திட்டேன். ஆண்டாளுக்கு மட்டும் தனி துணி.