ரம்மிக்காகப் போனோம், முதலில் குடியைப் பற்றித்தான் கேட்டார்கள்

ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்த எங்க அண்ணனைப் பாளையங்கோட்டையில் இருக்கிற இந்த சிகிச்சை மையத்துக்குத்தான் கூட்டிப் போய் வருகிறோம். வீட்டில் சூதாட்டத்தில் சிக்கின ஆம்பிளை இருந்து, அவருக்குக் குடியும் இருந்தால் தயங்காமல் இங்கே காட்டுங்க.

முன்னால் வேறொரு இடத்தில் காட்டினோம். ஆப், கடன், வட்டி, இதையே பேசினார்கள், குடிப்பீங்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. பகலில் இனிமேல் தொடமாட்டேன் என்று மனசாரத்தான் சொல்வான், ராத்திரி ஒரு குவார்ட்டர் உள்ளே போய்விட்டால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று போனை எடுத்துவிடுவான்.

இங்கே டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கேட்டது, "எவ்வளவு குடிப்பீங்க, கடைசியா எப்போ குடிச்சீங்க, காலையில கை நடுங்குதா?" அப்புறம் ஒரு நோட்டில் தேதி, நேரம், குடித்தது, ஆடியது, போன பணம் என்று கட்டம் போட்டு எழுதச் சொன்னார்கள். மதினிதான் எழுதினாங்க. கொஞ்ச நாள் கழித்துப் புரட்டினால், பெரிய தொகை போன ராத்திரி எல்லாமே குடித்த ராத்திரி. அண்ணனே வரிவரியாக விரலை வைத்துப் பார்த்தான், யாரும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போதையில் மனசை அடக்குகிற சக்தி தளர்ந்துவிடுமாம், ஆசை வந்தால் தள்ளிப்போடு, போனை மதினியிடம் கொடு என்று கவுன்சலிங்கில் பழக்கினது எதுவும் அந்த நேரத்துக்குக் கைகொடுக்காது. அமெரிக்காவில் 2005-ல் வந்த பெரிய ஆய்வில், சூதாட்ட நோய் உள்ளவர்களில் சுமார் 73 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு காலத்தில் குடிப் பிரச்சினையும் இருந்திருக்கிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம். ஒரு எச்சரிக்கை: தினமும் நிறைய குடிக்கிறவர்களை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அண்ணனுக்கு மருந்து கொடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள்.

2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு தடை போட்டபோது பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அண்ணன் தோப்புச் சீட்டுக்குப் போய்விட்டான், அங்கேயும் பாட்டில் வந்த பிறகுதான் சீட்டுக்கட்டே பிரியும். அதனால்தான் குடியையும் சேர்த்துப் பார்க்கிற இடம் வேண்டும் என்கிறேன்.

குறையும் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் எல்லாரும் குடிக்காக வந்தவர்கள், கடனையும் சீட்டையும் பற்றிப் பேச அண்ணனுக்குத் துணை இல்லை. சூதாட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கணும். சனிக்கிழமை கூட்டம் தாங்காது. நாலு நட்சத்திரம்.

போகிறவர்கள் பேங்க் ஸ்டேட்மெண்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்க, முதல் நாளே கேட்பார்கள். மனைவியோ அம்மாவோ கூட வந்தால் அவர்களிடம் தனியாகவும் பேசுவார்கள்.