பச்சை உடம்புக்காரிக்கு வாட்ஸ்அப் துணை: தோட்டத்தில் எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் முதல் பிள்ளை பெற்றவளுக்கு வாட்ஸ்அப் குழுவிலும் வீடியோ அழைப்பிலும் கிடைக்கும் துணை, பால் கொடுக்கும் விஷயத்தில் நிறையவே கைகொடுக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க அநேகமாக உதவுவதில்லை. மிட்வைஃப் மிஸ் (மருத்துவிச்சி) வந்துபோகும் நாட்களுக்கு நடுவில் வரும் இரவுகளுக்குத்தான் இது சரி.

பிள்ளை மார்பைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வீடியோ அருமை. ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு காட்டினால் எதுவும் தெரியாது. மார்பு உயரத்தில், பக்கவாட்டில், ஒரு முழத் தூரத்தில் எதன் மீதாவது சாய்த்து வைக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) வெளிச்சம் வாசல் வழியாகத்தான் வரும். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் படம் கறுத்துப்போகும். பார்க்க வேண்டியவை: வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா, நாடி (முகவாய்) மார்பில் முட்டுகிறதா. காம்பை மட்டும் சப்பினால் வெடிப்பு வரும், பாலும் சரியாக இறங்காது.

“பால் பத்தல, பால்மாவு குடுங்க” என்று வீட்டில் பேச்சு எழும்போது குழுவில் ஆறுதல் தேடுவதை விட எண்ணிப் பார்ப்பது மேல். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில் 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். மலம் கறுப்பு மாறி மஞ்சளாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் போதும்.

பள்ளத்தாக்குத் தோட்டங்களில் சிக்னல் இழுபறி. வீடியோ நின்றுவிட்டால் வாய்ஸ் நோட்: அரை நிமிடம், ஒரே கேள்வி. பிள்ளைக்கு எத்தனை நாள், கடைசியாக எப்போது குடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் திருப்பிக் கேட்டு நேரம் போகாது.

மஞ்சள் காமாலையைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்பதுதான் பெரிய ஆபத்து. குண்டு பல்ப் வெளிச்சத்தில் எல்லாப் பிள்ளையும் மஞ்சள். போன் கெமரா வேறு நிறத்தைத் தானாகத் திருத்திவிடும். பகல் வெளிச்சத்தில் நேரில் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தாலோ பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிதான். தாய்க்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலும், கடும் தலைவலியோடு கண் மங்கினாலும் அப்படியே. 1990 சுவசெரிய ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், லயத்து இலக்கம், வாகனம் வந்து நிற்கக்கூடிய சந்தி எல்லாம் சொல்ல வேண்டும்.

தமிழில் தேடினால் பெரும்பாலும் இந்திய வீடியோதான் வரும். பால் கொடுக்கும் முறைக்கு அவை பரவாயில்லை, தடுப்பூசிக்குக் குழப்பம். அங்கே 6, 10, 14 வாரத்தில் போடுகிற ஐங்கூட்டு ஊசி (ஐந்து நோய்களுக்கு எதிரான ஒரே ஊசி) இங்கே 2, 4, 6 மாதத்தில். கிளினிக்கில் தந்த பதிவேட்டில் உள்ள திகதிதான் கணக்கு.

மனச்சோர்வைக் குழுவில் பேச முடியாது, காரணம் எளிது: போன் பெரும்பாலும் புருஷனுடையது, மாமியாரும் கேட்பார். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளுக்கும் பதிலைத் தனியாக இருக்கும்போது மிட்வைஃப் மிஸ்ஸிடம் நேரில் சொல்வதே நல்லது. முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும். இரண்டு வாரம் தாண்டியும் தீராவிட்டால் சொல்லியே ஆக வேண்டும். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே. 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் இரவிலும் எடுப்பார்கள்.

84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து மலைக்கு (கொழுந்து பறிக்கும் வேலைக்கு) திரும்பும்போது குழுக்கள் ‘பாலைப் பீய்ச்சி வையுங்கள்’ என்பதோடு நிறுத்திவிடுகின்றன. பீய்ச்சிய பாலை வெளியே 4 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிர்தானே என்று நீட்டவும் வேண்டாம். போத்தல் வேண்டாம், கொதிநீரில் கழுவிய சிறு கோப்பை போதும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கும் இடைவேளை சட்டப்படி உண்டு: பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். கொழுந்து மலையில் அழைப்பு எடுபடாமல் போகலாம் என்பதால், அந்த இரண்டு நேரத்தையும் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளரிடம் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும்.