கல்லீரலுக்குக் கீழாநெல்லியா, சைலிமரினா?

நச்சுப்பொருளால் கெடும் கல்லீரலைக் காக்க மூலிகை என்றால் நம் ஊரில் முதலில் வருவது கீழாநெல்லி. மருந்துக் கடையிலோ சைலிமரினைத் தருவார்கள். அது மில்க் திஸில் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுப்பது. இரண்டில் என் தேர்வு சைலிமரின்.

விலையில் கீழாநெல்லிதான் மலிவு. வழக்கமான அளவில் இரண்டுமே பெரும்பாலும் வயிற்றுக்கு அதிகத் தொந்தரவு தராதவை. எலிகளில் கல்லீரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனமோ அதிக அளவு பாரசிட்டமாலோ கொடுத்துச் செய்த சோதனைகளில் இரண்டுமே நல்ல பெயர் வாங்கியவை. ஆனால் அவற்றில் பல, சாற்றை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகு நஞ்சைக் கொடுத்தவை. கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலின் சிஒய்பி2இ1 நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் தாக்கும். சாறு அந்த நொதியைத் தடுத்தாலே கல்லீரல் தப்பிக்கும். அது சிகிச்சை ஆகாது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு: வாங்கும் பொடியில் என்ன இருக்கிறது? கீழாநெல்லியின் முக்கியப் பொருளாகச் சொல்லப்படும் ஃபில்லாந்தின், ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற கீழாநெல்லி இனத்தில்தான் நிறைய. நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் அதன் உறவுச் செடிகளான யூரினேரியா, ஃபிரேட்டர்னஸ் போன்றவையும் கலந்து வரும். பச்சையாகக் கிடைத்தால் பிரித்துவிடலாம். அமாரஸின் காய் வழுவழுப்பானது, சிறு காம்போடு இருக்கும். யூரினேரியாவின் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோலத் தண்டோடு ஒட்டியிருக்கும். பூவில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அமாரஸுக்கு 5 இதழ், ஃபிரேட்டர்னஸுக்கு 6. பொடியாகிவிட்டால் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. சரியான செடியே கிடைத்தாலும் கஷாயம் வைத்தால் ஃபில்லாந்தின் சரியாக இறங்காது. அது தண்ணீரில் கரையாத பொருள், டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள்தான் வரும். இலையை அரைத்து மோரில் கலக்கும் பழைய முறையில் முழு இலையும் உள்ளே போகிறது, அந்த வகையில் அதுவே மேல்.

சைலிமரின் மாத்திரையில் அளவு அச்சிட்டே வரும். 140 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை என்பது பரவலாகப் பயன்படும் அளவு. நீரில் சரியாகக் கரையாததால் குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும் என்பது அதன் குறை. டெத் கேப் காளான் நஞ்சுக்கு ஐரோப்பாவில் இதன் முக்கியப் பொருளான சிலிபினினை நரம்பு வழியாகவே ஏற்றுகிறார்கள். காளான் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வழியை அது அடைக்கிறது. ஆனாலும் எல்லா நோய்க்கும் இதை நம்ப முடியாது. ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான சோதனையில், 700 மி.கி. வீதம் மூன்று வேளை கொடுத்தும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த நொதியின் அளவு குறையவில்லை.

நச்சிலிருந்து மூளையைக் காக்கும் மூலிகை எது என்று கேட்டால், அடித்துச் சொல்ல மாட்டேன். வல்லாரை, நீர்ப்பிரம்மி பற்றிய நம்பிக்கையில் பெரும்பகுதி எலிச் சோதனைகளோடு நிற்கிறது. கல்லீரல் செயலிழந்து அம்மோனியா ஏறி மூளை குழம்பும் நிலைக்கு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தும் மருத்துவமனையும்தான் வழி.

பாரசிட்டமால் அளவு மீறினால் அதன் முறிவு மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை உள்ளே போனால் முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாகவே தெரியலாம், கல்லீரல் அதற்குப் பிறகுதான் சரியும். இந்த இரண்டிலும் கீழாநெல்லி, சைலிமரின் எதையும் கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாட்டிலையோ ட்யூபையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.