பிஸ் அக்ரிலமைடு: பல ஆண்டுப் புழக்கத்தில் கண்டவை

ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பாலிமர் வலை) ஆய்வில் பல ஆண்டுகளாக நான் நம்பிக் கையாளும் குறுக்கிணைப்பி, அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பொருள், மெத்திலீன் பிஸ் அக்ரிலமைடு. ஆய்வகப் பேச்சில் வெறும் ‘பிஸ்’. மூலக்கூறின் இரு முனைகளிலும், வளரும் சங்கிலியில் சேரக்கூடிய வினைல் தொகுதி உண்டு. ஒரு முனை ஒரு சங்கிலியிலும் மறுமுனை இன்னொன்றிலும் சேர்ந்துகொள்வதால், தண்ணீரில் கரைந்துவிடக்கூடிய அக்ரிலமைடு சங்கிலிகள் கரையாத ஒரே வலையாகின்றன.

அளவில்தான் சூட்சுமமே இருக்கிறது. புரதம் போன்றவற்றை மின்சாரத்தால் பிரிக்கும் மின்புலப் பிரிகைக்கான ஜெல்லில் அக்ரிலமைடும் பிஸ்ஸும் 37.5:1 அல்லது 29:1 விகிதத்தில் சேரும். நீரை நிறைய உறிஞ்ச வேண்டிய ஹைட்ரோஜெல்லுக்கு இதைவிடவும் குறைவாகப் போடுகிறேன். குறைந்தால் வலை தளர்ந்து ஜெல் நன்றாக உப்பும். ஆனால் கரண்டியால் தூக்கும்போதே பிய்ந்துவிடும். கூட்டினால் உறுதி ஏறும், உப்புவது குறையும்.

புதிதாக வருபவர்கள் பலரும், பிஸ்ஸைக் கூட்டக் கூட்டத் துளைகள் சுருங்கிக்கொண்டே போகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொத்த மோனோமரில் (அக்ரிலமைடும் பிஸ்ஸும் சேர்ந்த எடையில்) பிஸ் சுமார் 5 சதவீதமாக இருக்கும்போது துளைகள் மிகச் சிறியவை. அதைத் தாண்டினால் பிஸ் தன்னோடு தானே சேர்ந்து முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது. இடையில் பெரிய துளைகள் விழுகின்றன. கண்ணாடி போலத் தெளிவாக இருந்த ஜெல் பால் வெள்ளையாகி, அழுத்தினால் நொறுங்கும். ஜெல் வெளுப்பதைக் கண்டாலே விகிதத்தைச் சரிபார்க்கிறேன்.

குறை என்றால் கரைதிறன். 20 டிகிரியில் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம்தான் கரையும், அதுவும் மெதுவாக. வெதுவெதுப்பான நீரில் பொறுமையாகக் கலக்குங்கள். அடியில் ஒரு துகள் தங்கினாலும் நீங்கள் கணக்கிட்ட விகிதம் பொய்யாகிவிடும். இறுகும் வினையைத் தொடங்கிவைக்கும் அமோனியம் பெர்சல்ஃபேட்டையும் அதை வேகப்படுத்தும் டெமெட்டையும் (TEMED) சேர்ப்பதற்கு முன் நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுவதும் அவசியம். இல்லாவிட்டால் அடிப்பகுதி இறுகிய பிறகும் மேற்பரப்பு திரவமாகவே நிற்கும்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. சூடான காரக் கரைசலில் அமைடு பிணைப்புகள் நீராற்பகுப்படைவதால் வலை பலவீனமாகும். ஜெல்லைப் பின்னர் கரைத்து உள்ளிருப்பதை மீட்க வேண்டுமென்றால், டைசல்ஃபைடு பிணைப்புள்ள சிஸ்டமைன் பிஸ் அக்ரிலமைடை எடுத்துக்கொள்ளுங்கள். டைத்தயோத்ரைட்டால் (DTT) என்ற வேதிப்பொருள் அந்தப் பிணைப்பை உடைத்துவிடும்.

பாதுகாப்பில் நான் கண்டிப்பானவன். கூட்டாளியான அக்ரிலமைடு நரம்பு நச்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறும். இரண்டு தூள்களையும் கையுறை அணிந்து, புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஜெல் இறுகிய பிறகும் வினைபுரியாத மோனோமர் உள்ளே தங்கியிருக்கும். நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து அதை வெளியேற்றிய பிறகே உப்பல் விகிதத்தை அளக்கிறேன். கலந்து வைத்த கரைசலைப் பழுப்புப் புட்டியில், 4 டிகிரியில் வையுங்கள். நாள்படும்போது அக்ரிலமைடு மெல்ல அக்ரிலிக் அமிலமாகி ஜெல்லுக்கு மின்னூட்டம் தரும்; மின்புலப் பிரிகையில் புரதப் பட்டைகள் இழுபட்டுத் தெரியத் தொடங்கினால், முதலில் அந்தப் புட்டியை மாற்றுங்கள்.